திருகோணமலையிலிருந்து லண்டன் வருகிறவர்களுக்கு: ஒக்டோபருக்கு முன் இரண்டு லாம்பு வாங்குங்கள்

விடுமுறைக்கு வந்து, உப்புவெளியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி செப்டெம்பரில் படிக்க லண்டன் வருகிறார். என்னென்ன கட்டிக் கொடுக்கலாம் என்று கேட்க அவருடைய அம்மா வந்திருந்தார். மிளகாய்த்தூள், குளிர் உடுப்பு எல்லாம் பேசி முடிந்ததும், போன கையோடு ஒரு மேசை லாம்பு வாங்கச் சொல்லுங்கள் என்றேன். "அங்கை கரண்ட் போகாதே பிள்ளை, பிறகேன் லாம்பு?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

நம் ஊரில் மாரியோ கோடையோ, பொழுதுபடுவது ஆறு மணியை ஒட்டித்தான். லண்டனில் ஜூன் மாதம் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். சனிக்கிழமை 5.45 அளவில் பட்ட பொழுது, அடுத்த நாள் 4.45க்கே பட்டுவிடும். டிசம்பரில் 4 மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். குளிரைப் பற்றி எல்லோரும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். இந்த இருட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் வருடம் ஈஸ்ட்ஹாமில் வாடகை வீடு. ஹோலின் முகட்டில் ஒரே ஒரு பல்ப். இருட்டுக்குப் பயந்து, கடையில் இருந்ததிலேயே பளிச்சென்ற வெள்ளை பல்பை வாங்கிப் போட்டோம். ஊரில் அப்படித்தானே பழகியிருக்கிறோம்? பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தது. வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் அது, குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. அறை ஆஸ்பத்திரி வார்ட்டுப் போல ஆகிவிட்டது. கறுத்த யன்னல் கண்ணாடியில் எங்கள் முகமே வெளிறித் தெரியும். சாப்பிட்ட கையோடு அவரவர் போர்வைக்குள் போய்விடுவோம். நான் பல நாள் காரணம் தெரியாமலே அழுதிருக்கிறேன்.

மாடியில் இருந்த மூதூர் மாமி வீடு மாறிப் போகும்போது தன் மேசை லாம்பைத் தந்துவிட்டுப் போனார். பருத்தித் துணி ஷேட், பழைய வேட்டியின் நிறம், கீழ் ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது. கதிரைக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுவிட்டு, மேல் பல்பை நிறுத்தினேன். மேசையில் ஒரு வட்டம், சுவரில் ஒரு வட்டம். தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து ஆவி எழும்புவது அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் தன் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அன்று பத்து மணி வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு யோசித்தபோது, இது நமக்குப் புதிதில்லை என்று பட்டது. கரண்ட் இல்லாத காலத்தில் அரிக்கன் லாம்பைச் சுற்றி இருந்துதானே படித்தோம், சாப்பிட்டோம்? திருக்கார்த்திகைக்குச் சிட்டி விளக்குகளைத்தான் வரிசையாக ஏற்றுகிறோம், ஒரு பெரிய விளக்கோடு விட்டுவிடுவதில்லை. சின்ன வெளிச்சங்கள், தாழ்வாக, பல இடத்தில். வீட்டுக்கும் அதே கணக்குத்தான்.

சரி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பல்ப் பெட்டியில் 2700 கெல்வின் அல்லது 'வார்ம் வைட்' என்று இருக்க வேண்டும். அதுதான் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். 4000க்கு மேலே போனால் சமையலறைக்குச் சரி, இருக்கும் அறைக்கு வேண்டாம். பிரகாசத்தை இப்போது வாட்ஸில் பார்க்காதீர்கள், லூமன் பாருங்கள். பழைய 60 வாட்ஸ் பல்புக்குச் சமம் 800 லூமன், எல்இடியில் 8 அல்லது 9 வாட்ஸ்தான். வாசிக்க அது போதும். மூலையில் சும்மா எரிவதற்கு 400 லூமன் அளவே நிறைய. முகட்டு ஹோல்டர் அநேகமாக இரண்டு முள் வைத்த பி22. மேசை லாம்புகளில் பெரும்பாலும் திருகு வகை, ஈ27 அல்லது ஒடுங்கிய ஈ14. பழைய பல்பைக் கையில் கொண்டு போனால் பிழை வராது.

ஷேட்டில்தான் என் மனம் நிற்கும். வெள்ளை அல்லது பாலாடை நிறத் துணி, வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பும். கருநீலம், கறுப்பு என்றால் மேலும் கீழும் மட்டுமே விழும். அழகுதான், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இருக்க முடியாது. கதிரையில் இருந்து பாருங்கள். ஷேட்டின் கீழ் விளிம்பு உங்கள் கண் மட்டத்தில் வர வேண்டும், பல்ப் கண்ணில் குத்தக்கூடாது. டென்மார்க் நாட்டு லாம்பு வடிவமைப்பாளர் போல் ஹென்னிங்சன் 1920களில் ஷேட்டை அடுக்கடுக்காக வைத்து லாம்பு வரைந்ததும் பல்பை நேரே கண்ணில் காட்டாமல் மறைக்கத்தான். அவருடைய லாம்புகள் நம் கைக்கு எட்டாத விலை. தருமக் கடைகளில், அதாவது நன்கொடையாக வந்த பழைய சாமான் விற்கும் 'சரிட்டி ஷொப்'களில், நல்ல துணி ஷேட் சில பவுணுக்கே கிடைக்கும். நடு வளையம் அகலமாக இருந்தால், சுருக்குவதற்குச் சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. லாம்பையும் பழையதாக வாங்கினால் வயரும் பிளக்கும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிளக்குக்குள் 3 அம்பியர் ஃபியூஸ் போதும்.

ஷேட் இல்லை என்று சால்வையை எடுத்து மேலே போடாதீர்கள். பழைய சூடான பல்பின் மேல் நான் போட்டு, துணி கருகி மணம் வந்த பிறகுதான் ஓடிப்போய் எடுத்தேன். எழுதும்போதும் கை கூசுகிறது.

முகட்டு பல்ப் மொட்டையாகத் தொங்கினால் ஒரு கடதாசி உருண்டை ஷேட் போடுங்கள். சுவிச்சை நிறுத்தி, பல்பைக் கழற்றி, ஹோல்டர் வளையத்தைத் திருகி எடுத்து மாட்டினால் சரி. சுவரில் ஓட்டை போடும் வேலை இல்லை, வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கரண்ட் பில்லுக்குப் பயப்படாதீர்கள். 8 வாட்ஸில் மூன்று லாம்பு, பின்னேரம் 5 மணித்தியாலம் எரிந்தால், ஒரு யூனிட் முடிய 8 நாள் ஆகும். குத்துவிளக்கு ஏற்றுகிறவர்கள் தட்டில் வைத்து, திரைச்சீலைக்குத் தள்ளி, பக்கத்தில் இருந்து ஏற்றுங்கள். எரிய விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. பிளக்கில் போடும் டைமர் ஒன்று வாங்கி, யன்னலோர லாம்பை 4 மணிக்கு எரியும்படி வையுங்கள். தனியே இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். வகுப்பு முடிந்து பஸ்ஸால் இறங்கி, ஈர இலை மிதித்து இருட்டில் நடந்து வரும்போது, தெருமுனையிலேயே உங்கள் யன்னல் மஞ்சளாகத் தெரியும்.