வெள்ளை நாயின் கண்ணோரத்தில் செம்பழுப்புக் கறை: எப்படிப் போக்குவது?

கேள்வி:
எங்களிடம் மூன்று வயது மால்டீஸ் பெண் நாய் இருக்கிறது. சில மாதங்களாக அதன் இரு கண்களின் உள்மூலையிலிருந்து மூக்கோரமாகத் துருவேறியது போன்ற கறை இறங்கியிருக்கிறது. வலக்கண்ணின் கீழே முடி எப்போதும் நனைந்து சடைபிடித்துக் கிடக்கிறது. முன்னங்கால் விரல்களுக்கு இடையிலும் அதே நிறம்தான். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியும் கறை சற்றும் வெளுக்கவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கச் சொல்கிறார்கள்; கண்ணுக்கு அவ்வளவு அருகில் அதைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
தயவுசெய்து பெராக்சைடைத் தொடாதீர்கள். ஒரு துளி உள்ளே போனாலும் கருவிழி புண்ணாகக்கூடும். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் போர்பிரின் என்னும் நிறமி இருக்கிறது. சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் இந்த நிறமி முடியில் படிந்து, வெளிச்சம் படப்பட அடர்ந்துகொண்டே போகும். கறுப்பு நாய்க்கும் இது உண்டு, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஏற்கெனவே நிறமேறிய முடி கழுவினால் முழுவதும் வெளுக்காது. அது வளர்ந்து வெட்டுப்பட்டுத்தான் போக வேண்டும். ஆகவே புதிதாக முளைக்கும் முடியை ஈரமில்லாமல் காப்பதுதான் நம் வேலை. காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் கண்ணிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பலர் துடைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒற்றி உலர்த்துவதில்தான் பலன் இருக்கிறது.

மறுமொழி 2:
வலக்கண் மட்டும் கூடுதலாக நனைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எங்கள் பூடில் இன நாய்க்கும் இப்படித்தான் இருந்தது. மருத்துவர் இரு கண்களிலும் பச்சையாக ஒளிரும் ஃப்ளோரெசின் என்னும் சாயத்தை விட்டுவிட்டு மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் இடது நாசியில் மட்டும் பச்சை மினுங்கியது. வலப்பக்கம் கன்னத்து முடியில்தான் வழிந்தது. கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் அந்தப் பக்கம் அடைபட்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்து அதைக் கழுவிவிட்ட பிறகு நனைவது வெகுவாகக் குறைந்தது. சப்பை மூக்கு நாய்களில் சாயம் தொண்டைப் பக்கமாக இறங்கிவிடுவதும் உண்டு என்பதால், இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. உட்புறம் மடங்கிய இமை, கருவிழியை உரசும் முடி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நாய் கண்ணை இடுக்கினாலோ, மஞ்சளாகப் பீளை தள்ளினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

மறுமொழி 3:
கால் விரல்களின் நிறம் நக்குவதால் வருவது. விரலிடுக்கை விலக்கிப் பாருங்கள். தோல் சிவந்து, புளித்த வாடை வந்தால் அங்கே ஈஸ்ட் என்னும் பூஞ்சை பெருகியிருக்கக்கூடும், அதற்கு அடியில் பெரும்பாலும் ஒவ்வாமை இருக்கும். அரிப்பை அடக்காமல் கறையைப் போக்க முடியாது. இன்னொன்று: கறை நீக்கும் பொடிகள் சிலவற்றில் டைலோசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி கலந்திருந்தது. இதற்கு ஒப்புதல் இல்லை என்று 2014ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. வெறும் நிறத்துக்காக மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் விரலிடுக்கைப் பார்த்தேன். தோல் சிவந்திருக்கிறது, வாடையும் அடிக்கிறது. கண்ணையும் காலையும் சேர்த்தே காட்ட நாளைக் காலை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.