ராத்திரி ஓட்டத்துல 40 நிமிஷத்துக்கு மேல லைட் நிக்கல. பாஹாவுக்கு 16 நாள்தான், உதவி!

மணல்_வண்டி · திங்கள், காலை 6:40
அவசரம். மெக்ஸிகோ பாலைவன ரேஸ் பாஹா 1000-ல ஒரு பைக்கை மாத்தி மாத்தி ஓட்டற ரிலே டீம்ல நான் மூணாவது ரைடர். சான் ஃபெலிப்பேல வண்டி என் கைக்கு வரும்போது இருட்டிடும். நேத்து ப்ரீரன்ல (ரேஸ் பாதைய முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கறது) லைட் 40 நிமிஷம் நல்லா எரிஞ்சது, அப்புறம் மங்கி மங்கி சுத்தமா போயிடுச்சு. பத்து நிமிஷம் நிறுத்தி வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணா திரும்ப வருது, கொஞ்ச நேரத்துல மறுபடி போகுது. பேட்டரி புதுசு. எதை மாத்தணும்னு சொல்லுங்க, இன்னிக்கே ஆர்டர் போடணும்.

மல்டிமீட்டர் · 6:58
என்ன வண்டி, எந்த வருஷம்? கார்பரேட்டரா இன்ஜெக்‌ஷனா? லைட் எத்தனை வாட்? ஸ்டேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தர்ற காயில்) வண்டியோட வந்ததா, வெளியில வாங்கினதா? பேட்டரி ஈயமா லித்தியமா? லைட் போனப்போ இன்ஜின் ஓடிட்டே இருந்துச்சா, அதுவும் இருமிச்சா? இது தெரியாம பார்ட் பேர் சொன்னா அது ஜோசியம்.

தூசி_மன்னன் · 7:05
பேட்டரிதான், சந்தேகமே வேணாம். புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. லித்தியமா இருந்தா மலை மேல ராத்திரி குளிர்ல வோல்ட் படுத்துடும். ஈய பேட்டரிக்கு மாறுங்க ப்ரோ.

எர்த்_கோபு · 7:31
எர்த் பாருங்க முதல்ல. இந்த மாதிரி வண்டிகள் பலதுல ஸ்டேட்டர் காயிலோட ஒரு முனையை அது சுத்தியிருக்கற இரும்புக் கோர்லயே பற்றவெச்சு எர்த் பண்ணியிருப்பாங்க. அந்த நிலையில ஏசி அலையில பாதிதான் சார்ஜுக்கு வரும். அந்த முனையை கழட்டி தனி ஒயரா வெளிய கொண்டுவந்து முழு அலையையும் டிசியா மாத்தற ஃபுல் வேவ் ரெக்டிஃபையருக்குக் கொடுக்கணும். இதைப் பண்ணாம பெரிய லைட் மாட்டினா இப்படித்தான்.

பழைய_ஸ்பேனர் · 8:10
வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில இந்தக் கேள்வி வந்துடும். மேல பின் பண்ணி வெச்சிருக்கற லைட்டிங் த்ரெட்டை யாராவது படிக்கறீங்களா, இல்ல அழகுக்கு வெச்சிருக்கோமா? 1962-ல டேவ் எகின்ஸ்ங்கற ரைடர் 250 சிசி ஹோண்டாவுல பாஹா வழியா டிஹுவானாலேர்ந்து லா பாஸுக்கு 39 மணி 56 நிமிஷத்துல போய்ச் சேர்ந்தார். எல்இடியா இருந்துச்சு அப்ப? வண்டிய தெரிஞ்சுக்காம வண்டிய ஓட்டக் கூடாது தம்பி.

மணல்_வண்டி · மதியம் 12:20
சாரி, வேலையில இருந்தேன். ஹோண்டா 450எக்ஸ், 2008. லைட் ரெண்டு எல்இடி. ஸ்டேட்டர் என்னன்னு தெரியல, வண்டி கேப்டனோடது. இன்ஜின் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு.

மல்டிமீட்டர் · 12:44
இப்ப பேசலாம். 2008 கார்பரேட்டர் வண்டி. அதுல இக்னிஷனுக்குத் தனி காயில், பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும். அதனால இன்ஜின் ஓடுதுங்கறதை வெச்சு சார்ஜிங் நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது. இன்ஜெக்‌ஷன் வண்டியா இருந்தா வோல்ட் விழுந்ததுமே பம்ப் திணறி முன்னாடியே காட்டிக் கொடுத்திருக்கும்.

பார்ட் ஆர்டர் பண்ணாதீங்க. ஒரு மீட்டர் எடுத்து இதைப் பண்ணுங்க:

இன்ஜின் ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் கழிச்சு பேட்டரி முனையில வோல்ட். லித்தியம் முழுசா சார்ஜ் ஆகியிருந்தா 13.2, 13.3 இருக்கணும். ஈயம்னா 12.7 போதும்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணி லைட் இல்லாம 5000 ஆர்பிஎம், லைட் ரெண்டும் போட்டு 5000. இதை வண்டி ஜில்லுன்னு இருக்கும்போது ஒரு தடவை, 20 நிமிஷம் ஓட்டிட்டு வந்த உடனே இன்னொரு தடவை. ரெண்டாவதுதான் முக்கியம், கராஜ்ல ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு "14 காட்டுது"ன்னு வராதீங்க. ஓட்டிட்டு வந்து நிறுத்தின வண்டிய ரொம்ப நேரம் முறுக்கிட்டே நிக்காதீங்க, ரேடியேட்டர் கொதிக்கும். முன்னாடி ஒரு ஃபேன் வெச்சுக்கோங்க.

ஸ்டேட்டர் கனெக்டரை கழட்டி ரெண்டு மஞ்சள் ஒயருக்கும் நடுவுல ஓம் பாருங்க. ஒண்ணுக்குள்ள இருக்கும். ஒவ்வொரு மஞ்சளுக்கும் இன்ஜின் பாடிக்கும் பார்த்தா தொடர்பே காட்டக் கூடாது. காட்டினா கோபு சொல்ற கேஸ்.

எர்த்_கோபு · 12:50
அதான் சொன்னேன்ல.

மல்டிமீட்டர் · 12:53
இன்னும் அளக்கவே இல்ல கோபு.

கவுண்டர்ஷாஃப்ட் · 1:15
எல்இடின்னா வேற ஒண்ணும் இருக்கு. காத்து படாட்டி சூடு ஏறி தானே வெளிச்சத்தைக் குறைச்சுக்கும். சான் ஃபெலிப்பே பக்கம் வூப்ஸ்ல (வரிசையா வர்ற மணல் மேடு பள்ளம்) 25 மைல் வேகத்துல குதிச்சுக் குதிச்சுப் போகும்போது முன்னாடி காத்தே இருக்காது. மங்கறதுக்கு அது காரணமா இருக்கலாம்.

மல்டிமீட்டர் · 1:21
மங்கும், ஆனா பெரும்பாலும் அணையாது. இவருக்கு அணைஞ்சிருக்கு.

சேஸ்_ட்ரக் · 2:02
ரேஸ்ல லைட் எப்ப மாட்டறீங்க? காலையிலேர்ந்தே வண்டியிலயா, இல்ல சாயங்காலம் பிட்டுல (வழியில பெட்ரோல், ரிப்பேருக்கு நிக்கற இடம்) மாட்டறீங்களா? பிட்டுல மாட்டறதா இருந்தா அந்த கனெக்டரையும் பார்க்கணும். நவம்பர் நடுவுல அங்க 4:45-க்கு சூரியன் போயிடும், காலை 6:15 வரைக்கும் இருட்டு. பதிமூணு மணி நேரத்துக்கு மேல. ஒரு பின் வளைஞ்சாலும் ராத்திரி முழுக்க அவதி.

மணல்_வண்டி · 2:30
பிட்டுலதான். ரெண்டு போல்ட், ஒரு கனெக்டர்.

தூசி_மன்னன் · 2:41
அதைவிட தப்பு கிடையாது. லைட் காலையிலேர்ந்தே வண்டியில இருக்கணும். தொட்டாத்தான் கெடும்.

சேஸ்_ட்ரக் · 2:55
காலையில முதல் ரைடர் முன்னாடி போற வண்டி எறியற கல்லை எல்லாம் லென்ஸ்ல வாங்கிட்டு வருவார். விழுந்தா முதல்ல உடையறது அதுதான். ஹேண்டில் மேல ரெண்டு கிலோவை சும்மா சுமக்கவும் வேணாம். பிட்டுல மாட்டலாம், ஆனா ரைடர் மாறற இடத்துல மாட்டாதீங்க, அதுக்கு முந்தின பிட்டுல மாட்டி எரிய விட்டுப் பாருங்க. ரைடர் மாறும்போது பெட்ரோல், கண்ணாடி, ஏர் ஃபில்டர்னு ஆறு கை வண்டி மேல இருக்கும். அந்த நேரத்துல கனெக்டர் "க்ளிக்"னு பூட்டிச்சான்னு யாரும் கேட்க மாட்டாங்க.

பழைய_ஸ்பேனர் · 3:20
ரெண்டும் தப்பு. ராத்திரிக்குன்னு தனி முன்பக்க செட்டே வெச்சுக்கணும். தெரிஞ்ச டீம் எல்லாம் அப்படித்தான்.

தூசி_மன்னன் · 3:26
தெரிஞ்ச டீமுக்கு காசும் இருக்கும். அப்புறம் வெள்ளை லைட்டா மஞ்ச லைட்டா அதைச் சொல்லுங்க ப்ரோ. தூசிக்குள்ள வெள்ளை சுவர் மாதிரி திருப்பி அடிக்கும்.

கவுண்டர்ஷாஃப்ட் · 3:40
மஞ்ச லென்ஸ் கண்ணுக்கு இதமா இருக்கும், தூசியைத் துளைக்கும்னு எல்லாம் எதிர்பார்க்காதீங்க. திருப்பி அடிக்கறதுக்குக் காரணம் லைட் கண்ணுக்குப் பக்கத்துல, உசரத்துல இருக்கறது. ரெண்டையும் தனித்தனி சுவிட்ச்ல போட்டுட்டு, தூசியில மேல் லைட்டை அணைச்சு கீழ இருக்கறதை மட்டும் வெச்சு ஓட்டுங்க.

தூசி_மன்னன் · 3:44
மஞ்சதான்.

பழைய_ஸ்பேனர் · 3:52
தூசியில லைட்டைப் பத்திப் பேசற ஆளு முன்னாடி போறவன் தூசிக்குள்ளேயே ஏன் இருக்கான்? காத்து எந்தப் பக்கம்னு பார்த்து எதிர்ப் பக்கம் ஒதுங்கி ஓட்டத் தெரியணும்.

எர்த்_கோபு · 4:10
யாராவது ஓம் பார்த்தாச்சான்னு கேளுங்கப்பா.

மணல்_வண்டி · செவ்வாய், இரவு 9:15
பார்த்தேன். பேட்டரி லித்தியம், மேல 7 ஏஹெச் (ஆம்பியர்-அவர்)னு ஸ்டிக்கர். ரெஸ்ட்ல 12.9. ஜில்லுன்னு இருக்கும்போது லைட்டோட 5000-ல 13.8. ஓட்டிட்டு வந்து லைட்டோட 12.6, லைட் இல்லாம 13.9. மஞ்சள் ரெண்டுக்கும் நடுவுல 0.5 ஓம், பாடிக்கு ஒண்ணும் காட்டல. லைட் ஒவ்வொண்ணும் 60 வாட்.

மல்டிமீட்டர் · 9:48
அருமை, இதுக்குத்தான் இவ்வளவும்.

கோபு, எர்த் கேஸ் இல்ல. யாரோ ஏற்கனவே மாத்தி வெச்சிருக்காங்க.

கணக்கு பாருங்க. ரெண்டு லைட் 120 வாட், 13 வோல்ட்ல 9 ஆம்பியருக்கு மேல. ஜிபிஎஸ், டிராக்கர் இதுல சேராது. சூடானதும் சிஸ்டம் ஐந்தரை ஆம்பியர்தான் தருதுன்னு வெச்சுக்கோங்க, மிச்சம் மூணரையை பேட்டரி கொடுக்கும். ஸ்டிக்கர்ல 7 ஏஹெச் போட்டிருக்கறது பெரும்பாலும் "ஈய பேட்டரிக்குச் சமம்"ங்கற எண், உள்ள நிஜமா இருக்கறது அதுல மூணுல ஒரு பங்கு. சுமார் 2.3 ஏஹெச்சை மூணரையால வகுத்தா 40 நிமிஷம். நீங்க சொன்ன அதே 40. பேட்டரி காலியானதும் உள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட் அதை வெட்டி விட்டுடும், மிச்ச கரண்ட்ல லைட் தாங்காம அணையுது. தூசி_மன்னன் சொன்ன ஈய பேட்டரி போட்டா 40 நிமிஷம் ரெண்டு மணி நேரம் ஆகலாம், நோய் அப்படியே இருக்கும்.

இப்ப கேள்வி, சூடானா ஏன் குறையுது? லைட் அணைச்சா 13.9 வருது, லோடு வந்தா விழுது. ஸ்டேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவுல எங்கேயோ ரெசிஸ்டன்ஸ். ரெக்டிஃபையர் இல்லாட்டி கனெக்டர். மீட்டரை ஏசியில வெச்சு, ஒரே மஞ்சள் ஒயர்ல கனெக்டருக்கு இந்தப் பக்கம் ஒரு முள், அந்தப் பக்கம் ஒரு முள், பின்னாலேர்ந்து குத்தி, லைட் போட்டு 5000-ல பாருங்க. 0.2-க்கு மேல போனா கனெக்டர் கெட்டது. ஒரு வோல்ட் காட்டினா அந்தக் குட்டி பிளாஸ்டிக்குள்ள ஐந்தாறு வாட் சூடு உக்காந்திருக்குன்னு அர்த்தம். அடுத்த மஞ்சளுக்கும் பாருங்க. ரெண்டும் சுத்தம்னா ரெக்டிஃபையரோட பிளஸ், எர்த் ரெண்டு பக்கமும் இதே மாதிரி டிசியில. அதுவும் சுத்தம்னாதான் ரெக்டிஃபையர் வாங்கணும்.

கவுண்டர்ஷாஃப்ட் · 10:05
ரெக்டிஃபையர் ஃபின்ல (சூட்டை வெளிய விடற தகடு) சில்ட், அதாவது நுண்ணிய தூசி, அப்பியிருக்கான்னும் பாருங்க. மாவு மாதிரி ஒட்டிக்கும், சூடு வெளிய போகாது.

சேஸ்_ட்ரக் · 10:30
சரியாகற வரைக்கும் ஒரு தற்காப்பு. சான் மத்தியாஸ் பக்கம் நெடுஞ்சாலைத் துண்டுல வேக வரம்பு இருக்கும், ரேஸ் நடத்தறவங்களோட டிராக்கர் பார்த்துட்டே இருக்கும், அங்க எப்படியும் வேகமா போக முடியாது. ஒரு லைட்டை அணைச்சுட்டு பேட்டரிய ஏத்திக்கோங்க. ஹெல்மெட்ல தன் பேட்டரியோட ஒரு லைட் கட்டாயம். டெயில் லைட்டை வண்டி சிஸ்டத்துலேர்ந்து பிரிச்சு தனியா பேட்டரி வெச்சதா போடுங்க. ட்ரக்குகள் உங்களுக்கு அப்புறம் கிளம்பி ராத்திரியில பின்னாலேர்ந்து வரும், முன் லைட் போனா நீங்க நின்னுக்கலாம், சிவப்பு போனா அவங்களுக்கு நீங்க இருக்கறதே தெரியாது.

இன்னொண்ணு, ரெண்டாவது ரைடர் வண்டியக் கொடுக்கும்போது வோல்ட் மீட்டர்ல கடைசியா பார்த்த எண்ணைச் சொல்லணும்னு இப்பவே பேசி வெச்சுக்கோங்க. "நல்லா ஓடுது"ங்கறது தகவல் இல்ல.

தூசி_மன்னன் · 10:41
ஒரு கியர் கீழயே வெச்சு ஓட்டினா ஆர்பிஎம் ஏறி சார்ஜும் ஏறும்ல.

பழைய_ஸ்பேனர் · 10:50
சில்ட்ல கீழ் கியர் போட்டா பின் சக்கரம் தோண்டிக்கிட்டு உள்ள போயிடும். மேல் கியர், வெயிட் பின்னால, ஆக்சிலரேட்டரை விடாம பிடிக்கணும். சார்ஜ் ஏத்தறதுக்கு வண்டியப் புதைக்கச் சொல்ற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்.

தூசி_மன்னன் · 10:53
சில்ட்லன்னு யார் சொன்னா? டியாப்லோ ஏரிப்படுகைக்குச் சொன்னேன்.

பழைய_ஸ்பேனர் · 10:57
அங்க எல்லாரும் டாப் கியர்ல முழுசா முறுக்கிட்டுத்தான் போவாங்க. சார்ஜ் தானே ஏறும். கீழ் கியர் எதுக்கு?

கவுண்டர்ஷாஃப்ட் · 11:10
வூப்ஸ்ல மட்டும் தூசி_மன்னன் சொல்றது பொருந்தும். அங்க எப்படியும் முன் சக்கரத்தைத் தூக்கி வைக்க ஆர்பிஎம் வேணும். ஆனா அது தீர்வு இல்ல.

மணல்_வண்டி · வியாழன், காலை 7:02
கனெக்டர்தான். ஒரு மஞ்சள்ல 1.3 வோல்ட். கழட்டினா உள்ள பழுப்பா உருகியிருக்கு, பின் கறுத்துப்போயிருக்கு. வெட்டி எடுத்துட்டு நேரா ஈயம் வெச்சுப் பற்றவெச்சாச்சு. ஒரு மணி நேரம் ஓட்டினேன், 14.1-லயே நிக்குது. எல்லாருக்கும் நன்றி!

எர்த்_கோபு · 7:20
எப்படியும் எர்த்தையும் ஒரு தடவை சுரண்டி விட்டுடுங்க. பெயின்ட் மேல போல்ட் போட்டிருப்பாங்க.

மல்டிமீட்டர் · 7:34
நல்லது. ஆனா பற்றவெச்ச இடத்துல ஈயம் ஒயருக்குள்ள ஊறி விறைச்சுடும், அதிர்வுல ஈயம் முடியற இடத்துல ஒயர் ஒடியும். பசை வெச்ச ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ரெண்டு பக்கமும் மூணு நாலு சென்டிமீட்டர் தள்ளி ஃப்ரேமோட கட்டி வைங்க. இன்னொரு மஞ்சளையும் வெட்டிட்டீங்களா, இல்ல அது பழைய கனெக்டர்லயே இருக்கா? அதுவும் அதே சூட்டைத் தின்னிருக்கும். பேட்டரிய வெளிய எடுத்து லித்தியம் சார்ஜர்ல ஒரு தடவை முழுசா ஏத்துங்க, 12.9-லேயே ரேஸுக்கு வந்துடாதீங்க.

சேஸ்_ட்ரக் · 1:10
அந்த ஒரு மணி நேரத்துல ரெண்டு லைட்டுமே எரிஞ்சுதா? லைட்டுக்குப் போற ஒயர் என்ன கேஜ் (தடிமன்)?

தூசி_மன்னன் · 1:32
கலர் என்ன முடிவு பண்ணீங்க ப்ரோ?

சேஸ்_ட்ரக் · சனி, காலை 8:05
@மணல்_வண்டி, ரெண்டாவது மஞ்சள்?