பிளாட்டூன் தலைமைப் பொறுப்பு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். இராணுவ அதிகாரிப் பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் எனக்கு, அடுத்த களப்பயிற்சியில் சுமார் 30 பேர் கொண்ட படைக்குழுவான பிளாட்டூனை வழிநடத்தும் பொறுப்பு வந்திருக்கிறது. நிலவரம், பணி, செயல்படுத்தும் முறை, வழங்கல், கட்டளையும் தொடர்பும் என ஐந்து பகுதிகளில் உத்தரவைத் தயாரிப்பதில் சிரமமில்லை. ஆனால், கிடைக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தன் திட்டமிடலுக்கு எடுத்துக்கொண்டு, மீதியைப் பிரிவுத் தலைவர்களின் ஆயத்தத்துக்கு விட்டுவிட வேண்டும் என்ற நியதியைச் சென்ற முறை என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை. வரைபடத்தை விட்டு எழவே மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. அதைவிடக் கடினமாகத் தோன்றுவது, தூக்கமின்றிச் சோர்ந்திருக்கும் சக பயிற்சியாளர்களுக்கு இரவுக் காவல் முறையை ஒதுக்குவது. நெருங்கிய நண்பருக்கு எளிய நேரத்தைக் கொடுத்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். இப்பொறுப்பை வகித்தவர்கள், எவற்றைத் துணைத் தலைவரிடம் ஒப்படைத்தீர்கள், எவற்றை நீங்களே நேரில் சரிபார்த்தீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.