ஏஞ்சல் தொட்டியில் யாரை விட்டீர்கள், யார் மிஞ்சினார்கள்?

குன்னூர்க்காரன்:

ஏஞ்சல் மீனோடு வேறு எந்த மீன் சேரும், எது சேராது என்பதில் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள். சமவெளிக்காரர்கள் சொல்லும் ஆலோசனை நமக்குப் பாதிதான் பொருந்துகிறது, அதனால் மலையில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

கோவையில் ஒரு கடையில் நான்கு ஏஞ்சலும் பன்னிரண்டு நியான் டெட்ராவும் வாங்கினேன். ஏஞ்சல்கள் அப்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, பதினான்கு கொண்டை ஊசி வளைவும் தாண்டும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, “இது குழம்புக்கு ஆகுமாப்பா?” என்று கேட்டார்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. தொட்டி இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 85 லிட்டர் பிடிக்கும். வெள்ளி நிற ஏஞ்சல்கள் நடுவில் அசையாமல் நிற்கும், கீழே நியான்கள் நீலக்கோடாக ஓடும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் தொட்டி முன்னால்தான் டீ குடித்தார்கள்.

பிறகு எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. பன்னிரண்டு பதினொன்றாகி, அப்புறம் ஒன்பதானது. நோயாக இருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் மாற்றினேன். ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தேன், மரக்கட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு உடல்கூடக் கிடைக்கவில்லை. ஒருநாள் இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டால், பெரிய ஏஞ்சலின் வாயில் ஒரு சிவப்பு வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அது வாலையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

ஏஞ்சல் என்ற பெயரில்தான் நாம் ஏமாறுகிறோம். அது சிக்லிட் குடும்பம், நம் குளங்களில் கிடைக்கும் ஜிலேபி மீனுக்குச் சொந்தக்காரன். அமேசான் ஆற்றுச் செடிகளுக்கு நடுவே ஒதுங்கி நின்று, வாய்க்கு அடங்குவதைப் பிடித்துத் தின்று வளர்ந்த மீன். “குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தால் ஒன்றும் செய்யாது” என்று கடையில் சொன்னார்கள். நியான் ஒன்றரை அங்குலத்தில் நின்றுவிடும். ஏஞ்சலோ துடுப்போடு சேர்த்து ஒரு சாண் உயரம் வந்துவிடும். வாய் பெரிதான பிறகு பழைய பழக்கத்தை எல்லாம் அது பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டில் யார் யார் மிஞ்சினார்கள்?

ஊட்டி, லவ்டேல் பக்கம்:

அண்ணா, நீங்கள் வாயில் மாட்டினீர்கள், நான் குளிரில் மாட்டினேன்.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது தங்கமீன். ஊட்டிக்கு அதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது. ஹீட்டர் இல்லாமல் ஜனவரியையும் தாண்டிவிடும். அதோடு மூன்று ஏஞ்சல் வாங்கி விட்டேன். ஏஞ்சலுக்கு 26, 27 டிகிரி வேண்டும், தங்கமீனுக்கு 20 இருந்தால் போதும். நான் பஞ்சாயத்து பண்ணி 22ல் வைத்தேன். தீர்ப்பு இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. ஏஞ்சல்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றன, பத்து நாளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. தங்கமீன் போடும் கழிவுக்கு அந்த ஃபில்டரும் போதவில்லை. கடைசியில் ஒரு ஏஞ்சல்தான் பிழைத்தது.

இப்போது ஏஞ்சலுக்குத் தனித் தொட்டி. லிட்டருக்கு ஒரு வாட் ஹீட்டர் போதும் என்று சமவெளியில் சொல்லும் கணக்கு இங்கே எடுபடாது. டிசம்பர் இரவில் எங்கள் ஹாலிலேயே 11 டிகிரி. அங்கிருந்து 27க்கு ஏற்ற வேண்டும் என்றால் 16 டிகிரி வித்தியாசம். 85 லிட்டருக்கு 100 வாட் ஹீட்டரில் இரண்டு போட்டிருக்கிறேன். ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் மீன் வெந்துபோகாது, ஒன்று செத்துப்போனாலும் அடுத்தது ஓரளவு தாங்கும். பின்பக்கமும் இரண்டு ஓரமும் தெர்மாகோல். பார்க்க அழகில்லை என்று வீட்டில் திட்டு, கரண்ட் பில் வரும்போது அந்தத் திட்டு நின்றுவிடும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதே 27 டிகிரி தண்ணீர் சென்னையில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்தால் இங்கே 6ஐ ஒட்டித்தான் பிடிக்கும். அதனால் கீழே பத்து மீன் விடும் தொட்டியில் நான் ஏழோடு நிறுத்திக்கொள்வேன். ஏர் பம்பை இரவில் அணைப்பதே இல்லை.

கோத்தகிரி:

டைகர் பார்ப் என்ற கோடுபோட்ட சின்ன மீன், ஆறு விட்டேன். நான்கே நாள். ஏஞ்சலுக்குக் கீழே இரண்டு நூல் மாதிரி தொங்குமே, அவை கடித்ததில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அருவங்காடு:

கோத்தகிரி அண்ணனுக்கு: எங்கள் மாமா வீட்டில் ஐந்தடித் தொட்டியில் பதினைந்து டைகர் பார்பும் நான்கு ஏஞ்சலும் இரண்டு வருடமாக இருக்கின்றன. பார்ப்கள் கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ளும், மற்றவர்களிடம் வர நேரம் இருக்காது.

குன்னூர்க்காரன்:

தம்பி, இருக்கலாம். கூட்டம் பெரிதானால் அதன் தொல்லை குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஐந்தடித் தொட்டியைக் குளிர்காலத்தில் சூடாக வைக்க எத்தனை பேரால் முடியும்? இரண்டடித் தொட்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பார்ப் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். செர்ப்பே டெட்ராவும் இதே ரகம், துடுப்பைக் கடித்துப் பார்க்காமல் அதற்குத் தூக்கம் வராது.

கொடைக்கானல், பெருமாள்மலை:

நான் பழனி மலைக்காரி, நீலகிரிக்காரர்களுக்கு நடுவே நுழைகிறேன்.

எங்கள் வீட்டுக் கதை சக்கர் மீன். கண்ணாடியில் பாசி பிடித்ததால், “டேங்க் கிளீனர் ஒன்று போடுங்கக்கா, அதுவே சுத்தம் பண்ணிக்கும்” என்றார்கள். இரண்டு அங்குலக் குட்டி, பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு வருடத்தில் ஒரு அடி ஆகிவிட்டது. அப்போதுதான் ஏஞ்சல்களின் விலாவில் வட்ட வட்டமாக வெளுத்த தழும்பு வர ஆரம்பித்தது. பூஞ்சை என்று நினைத்து உப்புப் போட்டேன், மருந்து ஊற்றினேன். ஒரு மாதம் ஓடியதுதான் மிச்சம். என் மகன் பரீட்சைக்கு இரவு கண்விழித்துப் படித்துக்கொண்டிருந்தவன், “அம்மா, சக்கர் ஏஞ்சல் மேல ஒட்டிக்கிட்டிருக்கு” என்று எழுப்பினான்.

ஏஞ்சல் தட்டையான மீன், இரவில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். சக்கருக்கு அது இன்னொரு கண்ணாடி. மேலே பூசியிருக்கும் வழவழப்பை அப்படியே சுரண்டித் தின்கிறது. அந்தப் பூச்சு போனால் எந்த நோயும் சுலபமாக உள்ளே வரும். பாசி மட்டும் போதாமல், இரவில் அதற்கு வேறு தீனியும் கிடைக்காமல் இருந்தால் இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. வெள்ளரிக்காய்த் துண்டு போட்டிருக்க வேண்டும், எனக்கு அப்போது தெரியாது.

“ஏரியில் விட்டுவிடுங்கள், பெரிய தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும்” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். இந்த ஜாதி மீன் கீழே ஆறு குளங்களில் போய்ச் சேர்ந்து வலை வீசுகிறவர்களுக்கு எவ்வளவு தலைவலி கொடுக்கிறது! நம் ஏரிக் குளிரில் அது துடித்துச் சாகும், சாகாமல் இருந்தால் இன்னும் மோசம். நான் ஒரு மூடி போட்ட வாளியில் வைத்து வத்தலகுண்டு வழியாகத் திண்டுக்கல் கொண்டுபோய், பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்தேன்.

இப்போது இருப்பது பிரிஸ்டில்நோஸ், சக்கரிலேயே சின்ன ரகம். மூக்கில் மீசை மீசையாக இருக்கும். ஐந்து அங்குலத்துக்கு மேல் வளராது, ஏஞ்சல் பக்கமே போவதில்லை. மரக்கட்டையைக் கடித்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறது.

ஊட்டி, லவ்டேல் பக்கம்:

அக்கா, எங்கள் வீட்டிலும் இரண்டு அங்குலச் சக்கர் ஒன்று இருக்கிறது. இன்றைக்கே அளந்து பார்க்கிறேன்.

கூடலூர்:

எங்கள் ஊர் ஆயிரம் மீட்டர் உயரம்தான், உங்களைப்போல் அவ்வளவு குளிர் இல்லை. நான் செய்த தப்பு வேறு. மிஸ் கேரளா ஆறு வாங்கி விட்டேன். சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் போட்ட நீள பார்ப். கேரள, கர்நாடகப் பக்கத்து மலையாறுகளுக்கே உரிய மீன், நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சொத்து. ஏஞ்சலைக் கடிக்கவில்லை, துரத்தவும் இல்லை. ஆனால் ஓட்டத்தை நிறுத்தவே இல்லை. ஏஞ்சல் ஒரு தீனியைப் பார்த்து, யோசித்து, திரும்பி, வாயைத் திறப்பதற்குள் இவர்கள் தொட்டியை இரண்டு சுற்றுச் சுற்றித் தின்று முடித்துவிடுவார்கள். இரண்டு மாதத்தில் ஏஞ்சல்களின் நெற்றி ஒட்டிப்போனது. சண்டையே இல்லாமல் பட்டினி.

மிஸ் கேரளாவுக்குக் குளிர்ந்த, ஓடும் தண்ணீர் வேண்டும். ஏஞ்சலுக்குச் சூடான, ஓடாத தண்ணீர். அழியும் நிலையில் இருக்கும் மீன்கள் பட்டியலில் வேறு இருக்கிறது என்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை படித்திருக்கலாம்.

வெலிங்டன்:

பிளாக் மோலியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ஏஞ்சலுடன் மோலி நன்றாக இருக்கும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். உப்புத் தன்மையான போர் தண்ணீரில் சரி. நம் மலைத் தண்ணீர் மழைநீருக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு மென்மையானது. மோலி, கப்பி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீர் மீன்கள். என் மோலிகள் இருந்த இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டு நின்றன, ஒரு மாதத்தில் எல்லாம் போயின. ஏஞ்சல் அதே தண்ணீரில் பளபளவென்று இருந்தது.

ஆனால் கொளத்தூர்ப் பண்ணைகள் போன்ற சென்னைப் பக்கத்திலிருந்து வரும் ஏஞ்சலை நம் தண்ணீரில் உடனே கொட்டிவிடாதீர்கள், பிறந்ததிலிருந்து வேறு தண்ணீர் பார்த்த மீன். நான் மீனை ஒரு வாளியில் வைத்து, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் விட்டுத்தான் மாற்றுவேன். வாளிக்குள்ளும் ஒரு சின்ன ஹீட்டர் வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரண்டு மணி நேரத்தில் வாளித் தண்ணீர் ஐஸ் ஆகிவிடும். தண்ணீர் ரொம்ப மென்மையாக இருந்தால் அமிலத்தன்மை திடீரென்று ஏறும், அதற்கு ஃபில்டரில் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போட்டிருக்கிறேன்.

கோத்தகிரி:

பார்ப் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன், பெரிய கதை அப்புறம் நடந்தது.

பார்பை எல்லாம் ஒழித்துவிட்டு ஆறு ஏஞ்சல் மட்டும் வைத்துக்கொண்டேன். சொந்த ஜாதி, இனி என்ன சண்டை என்று நினைத்தேன். ஒரு வருடம் கழித்து இரண்டு மட்டும் சேர்ந்து ஃபில்டர் குழாயை வாயால் சுத்தம் செய்ய ஆரம்பித்தன. மறுநாள் குழாய் முழுக்க வரிசை வரிசையாக முட்டை. மீதி நான்கும் எதிர்மூலையில், தண்ணீரின் மேல்மட்டத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கி நின்றன. நடுக்கோட்டைத் தாண்டினால் அடி. என் கையையே கொத்தியது.

இரண்டரை நாளில் பொரித்துவிடும் என்று காத்திருந்தேன். இரண்டாம் நாள் காலை முட்டை ஒன்றுகூட இல்லை, பெற்றவர்களே தின்றுவிட்டார்கள். முதல் தடவைகளில் இப்படித்தான் செய்யுமாம். இரண்டு வாரத்தில் மறுபடி முட்டை, மறுபடி அடி. அடி வாங்கியதில் ஒன்று செத்தது.

ஏஞ்சலோடு சேராத மீன் எது என்று கேட்டால் ஜோடி சேர்ந்த ஏஞ்சல் என்றுதான் நான் சொல்வேன். ஆண், பெண் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, முட்டை போடும்போதுதான் தெரியும். அதனால் குட்டியில் ஐந்தாறு வாங்கி வளர்த்து, ஜோடி அமைந்ததும் அந்த ஜோடியைத் தனியாகப் பிரிக்க ஒரு காலித் தொட்டி தயாராக இருக்க வேண்டும். வீட்டில் கேட்டால், “மறுபடியும் தொட்டியா?” என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

குன்னூர்க்காரன்:

கோத்தகிரி அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான். நான் “கடைசித் தொட்டி” என்று சொல்லி மூன்று தொட்டி வாங்கிவிட்டேன்.

இப்போது எனக்கு ஓடிக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன். தொட்டி நான்கடி. ஜோடி சேர்ந்த இரண்டைக் கொடுத்துவிட்டேன், இப்போது இருப்பது மூன்று ஏஞ்சல். ரம்மிநோஸ் டெட்ரா பன்னிரண்டு. நியானைவிடக் கொஞ்சம் நீளம், இரண்டு அங்குலம் வரை வரும், 26 டிகிரி சூடு அதற்குப் பிடிக்கும், கூட்டமாகவே திரியும். வளர்ந்ததாகப் பார்த்து வாங்கினேன், குட்டியாக வாங்கியிருந்தால் நியான் கதைதான். தரையில் வெண்கல நிறக் கோரி என்ற குட்டிக் கெளுத்தி ஆறு. மணல் போட்டிருப்பதால் மீசை தேயாமல் நன்றாகக் கிளறுகின்றன. கோரியில் புள்ளிபோட்ட ரகம் ஒன்று உண்டு, அது குளிர்ந்த தண்ணீர் மீன், ஏஞ்சல் சூட்டில் வாடிவிடும், கவனம். முத்துக் கௌராமி ஒரு ஜோடி விடலாமா என்று யோசிக்கிறேன். சாதுவான மீன் என்கிறார்கள். ஆனால் மேல்மட்டத்தில் ஏற்கெனவே ஏஞ்சல்கள் நிற்கின்றன, இடம் போதுமா தெரியவில்லை.

வரிசையும் முக்கியம். ரம்மிநோஸும் கோரியும் இரண்டு மாதம் முன்னாலேயே குடியேறிவிட்டன, ஏஞ்சல்களைக் கடைசியாக விட்டேன். முதலில் வந்த ஏஞ்சல் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று பட்டா போட்டுவிடும். இரவு விளக்கு அணைக்கும் முன்னால் ஏஞ்சல்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்டுவிடுகிறேன். பசியோடு இருட்டில் நிற்க விடக்கூடாது.

முந்தாநாள் காற்றில் மரம் விழுந்து ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. தொட்டிமேல் இரண்டு கம்பளியைப் போர்த்தி, வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை மிதக்க விட்டுக்கொண்டே இருந்தேன். விடியும்போது தண்ணீர் 22 டிகிரி. எல்லோரும் உயிரோடு. காலையில் ரம்மிநோஸை எண்ணினால் பதினொன்றுதான் வந்தது. மறுபடி எண்ணினேன், பதினொன்று. மூன்று ஏஞ்சல்களின் வயிற்றையும் உற்றுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பன்னிரண்டாவது ஹீட்டருக்குப் பின்னால் சூடு பிடித்துக்கொண்டிருக்கிறது.