டெஸ்டில் பாஸ், புரொடக்‌ஷனில் விழுகிறது: ஸ்கிரிப்ட் வரிசைக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். ஹட்டன் பக்கத் தோட்டங்களுக்கான கொழுந்து நிறுவை, செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேடு) மென்பொருள் செய்கிறோம். கோரிக்கைக்கு ஒரு டிக்கெட், கோடை வைத்திருக்கும் கிட்டில் (Git) ஒரு பிராஞ்ச், அதாவது தனிக் கிளை. டெஸ்டில் பாஸான அதே பில்ட்தான் புரொடக்‌ஷனுக்கும் போகிறது, ஆகவே கோடில் தலைவலி இல்லை.

சிக்கல் டேட்டாபேஸை மாற்றும் ஸ்கிரிப்ட்களில். டிக்கெட் 41 நிறுவை டேபிளில் ஒரு கொலம் சேர்க்கிறது. 42 அந்தக் கொலத்தின்மேல் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடுகிறது. டெஸ்டில் 42 பாஸ், 41 இன்னும் நிலுவை. 42ஐத் தனியே அனுப்பினால் கொலம் இல்லையென்று ஸ்கிரிப்ட் நின்றுவிடும். மைஎஸ்கியூஎல்லில் ஆல்டர் டேபிளை (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பவும் முடியாது. ஸ்கிரிப்ட்களை எண் வரிசையில் ஓட்டும் ஃபிளைவேயில், வரிசை மாறி ஓட விடும் அவுட் ஆஃப் ஆர்டரைத் திறந்துவிடலாம்தான், ஆனால் டெஸ்டில் ஓடிய வரிசை வேறாகிவிடுமே!

கொலத்தை மட்டும் நல் (NULL, வெற்று மதிப்பு) அனுமதித்து முதலில் அனுப்பி, 41இன் கோடை ஃபீச்சர் ஃபிளாக்கால் (வசதியை நிறுத்தி வைக்கும் சுவிட்ச்) மூடி வைப்பது சரிவருமா? 10ஆம் திகதி சம்பளத்துக்கு முன் 42 போயாக வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.