ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது ஃபிளேரில் வெள்ளை: ரத்தக்கசிவு என்று எழுதலாமா?

இரவு டூட்டி:
நான் ரேடியாலஜி இரண்டாம் வருடம். முந்தாநாள் ராத்திரி நடந்தது. நான்கு வயதுக் குழந்தை, வலிப்புக்காக எம்ஆர்ஐ. அசையாமல் இருக்க மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். ஃபிளேர் படத்தில் (மூளையைச் சுற்றியுள்ள நீரைக் கருப்பாக்கிக் காட்டும் எம்ஆர்ஐ வகை) மூளை மடிப்புகளின் இடுக்கெல்லாம் வெள்ளை. கருப்பாக இருக்க வேண்டிய இடம் அது. 'சப்அரக்னாய்டு ரத்தக்கசிவாக இருக்கலாம்', அதாவது அந்த நீரில் ரத்தம் கலந்திருக்கலாம் என்று எழுதிவிட்டேன். அடுத்த அரை மணி நேரத்தில் நியூரோ சர்ஜன் வந்து, அவசர சிடி எடுத்து, அதில் ஒன்றுமே இல்லை. அதுவரை குழந்தையின் அம்மா ஐசியூ வாசலில் செருப்பைக்கூடப் போடாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். காலையில் சீனியர் கேட்டது ஒரே கேள்வி: "ஆக்சிஜன் எவ்வளவு போச்சு?" நூறு சதவீதம். நான் எழுதியது தப்பா?

மயக்கமருந்து மணி:
தப்புதான் டாக்டர், ஆனால் எங்கள் பக்கமும் பங்கு உண்டு. யாரும் உங்களிடம் சொல்லவில்லையே.

காற்றை மட்டும் சுவாசிக்கும்போதே ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கிறது. நூறு சதவீதம் கொடுத்தால் மிச்சமெல்லாம் பிளாஸ்மாவில் கரைகிறது. தமனியில் 100 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி இருந்த அழுத்தம் 500-ஐத் தாண்டும். அது மூளையைச் சுற்றியுள்ள நீரிலும் கசிந்து கரைகிறது. ஆக்சிஜன் மூலக்கூறில் இணை சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதால் அது லேசான காந்தக் குணம் கொண்டது. அந்த நீரின் டி1 நேரம், அதாவது ரேடியோ துடிப்புக்குப் பிறகு பழைய காந்த நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம், குறைகிறது. ஃபிளேர் நம்பியிருப்பதே அந்த நேரத்தைத்தான். நீரின் சிக்னல் பூஜ்யத்தைத் தொடும் நொடியைக் கணக்கிட்டு, 1.5 டெஸ்லா காந்தத்தில் 2200 மில்லிவினாடி வாக்கில் படம் பிடிக்கிறோம். டி1 குறைந்தால் நாம் பிடிக்கும் நேரத்துக்குள் நீர் பூஜ்யத்தைத் தாண்டிப் போயிருக்கும். அதுதான் உங்கள் வெள்ளை.

2001 வாக்கில் இந்தப் பழி முதலில் விழுந்தது ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்தின் மேல்தான். அப்புறம் மயக்க மருந்தே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு முகமூடியில் ஆக்சிஜன் மட்டும் கொடுத்துப் பார்த்தபோதும் அதே வெள்ளை வந்தது.

பழைய ஃபிலிம்:
இயற்பியல் எல்லாம் சரி மணி சார். ஆனால் அந்தப் பையன் எழுதியது தப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரத்தம் கலந்தாலும் அதன் புரதம் செய்வது இதே வேலைதானே? டி1-ஐக் குறைத்து நீரை வெள்ளையாக்கும். படத்தில் இரண்டுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. மூளைக்காய்ச்சலில் இதே வெள்ளை, நேற்றுப் போட்ட கெடோலினியம் (எம்ஆர்ஐக்கான சாய ஊசி) கசிந்திருந்தாலும் இதே வெள்ளை. 'ஆக்சிஜன்தான்' என்று ஒதுக்கிவிட்டு ஒரு அன்யூரிஸத்தை (புடைத்த ரத்தக்குழாயை) தவறவிட்டால் யார் பதில் சொல்வது? ஒரு சிடியோடு போன பயம் அது. போகட்டும்.

மயக்கமருந்து மணி:
நான்கு வயதுக் குழந்தைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சை 'போகட்டும்' என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது, சார். ஆக்சிஜனால் வரும் வெள்ளைக்கு ஒரு சாயல் உண்டு. இரண்டு பக்கமும் சமமாக, மேல் மடிப்புகளிலும் மூளை அடிப்பகுதியின் நீர்த் தொட்டிகளிலும் பரவியிருக்கும். வென்ட்ரிக்கிள்கள் (மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள்) பெரும்பாலும் கருப்பாகவே இருக்கும். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். குழந்தை நிலையாக இருந்தால் 30 சதவீதத்துக்கு இறக்கி, கொஞ்சம் பொறுத்து ஃபிளேரை மட்டும் மறுபடி ஓட்டலாம். மறைந்தால் ஆக்சிஜன்.

பழைய ஃபிலிம்:
நிலையாக இருந்தால்! வென்டிலேட்டரில், நுரையீரல் கெட்டுப்போய் ரத்த ஆக்சிஜன் 90 சதவீதத்தில் ஊசலாடும் ஆளுக்கு என்ன செய்வீர்கள்? படத்துக்காக அவர் மூச்சைக் குறைப்பீர்களா?

மயக்கமருந்து மணி:
மாட்டேன். அங்கே நீங்கள் சொல்வது சரி, சிடிதான். எக்ஸ்ரேவுக்குக் கரைந்த ஆக்சிஜன் கண்ணிலேயே படாது.

எம்ஆர் டெக் செல்வம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். ஆக்சிஜன் என்றாலே எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சிலிண்டர்தான். 2001-ல் நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுப் பையன், 2018-ல் மும்பையில் உறவினரைப் பார்க்க வந்த இளைஞர், இரண்டு சாவும் எம்ஆர்ஐ அறைக்குள் போன சிலிண்டரால்தான். அதனால் உலோகம் இருக்கிறதா என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். எத்தனை லிட்டர், எந்த முகமூடி என்று எங்கள் ஃபார்மில் ஒரு வரிகூடக் கிடையாது. மூக்குக் குழாயில் இரண்டு லிட்டர் போவதும் பை வைத்த முகமூடியில் பதினைந்து லிட்டர் போவதும் ஒன்றில்லையே.

இரவு டூட்டி:
எஸ்டபிள்யூஐ-யில் (ரத்தத்தைக் கருப்பாகக் காட்டும் எம்ஆர்ஐ வகை) மடிப்புகளில் கருப்பு எதுவும் இல்லை. அதை வைத்தே ரத்தம் இல்லை என்று முடிவு செய்திருக்கலாமோ?

பழைய ஃபிலிம்:
அந்த வழியில் போகாதே தம்பி. எஸ்டபிள்யூஐ-யில் கருப்பாகத் தெரிவது ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினும், அப்புறம் படியும் ஹீமோசிடரின் என்ற இரும்புப் படிவும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கு அந்தக் காந்தக் குணம் இல்லை. வேதியியலாளர் பாலிங் 1936-லேயே காட்டிவிட்டார். தண்டுவட நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே தாராளம். அதனால் அங்கே கசிந்த புது ரத்தம் சீக்கிரம் கருப்பாகாது. போதாததற்கு நூறு சதவீத ஆக்சிஜனில், வழக்கமாகக் கருப்பாகத் தெரியும் சிரைகளே மங்கிப்போகும். பழைய நுண்கசிவுப் புள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கும், அது இரும்புக் கறை.

மயக்கமருந்து மணி:
இதில் சாருக்கு முழு மார்க். சிடியும் நாள் கடந்தால் ஏமாற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவலி வந்து ஒரு வாரம் கழித்து வருபவருக்கு முதுகில் ஊசி போட்டு நீர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. ஆனால் முதல் கேள்வியில் நான் மாறவில்லை. ஆக்சிஜன் அளவைக் கேட்காமல் அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது.

பழைய ஃபிலிம்:
கேட்டுவிட்டும் எழுதலாம். 'நூறு சதவீத ஆக்சிஜனில் எடுத்தது, அதனாலும் இருக்கலாம்' என்று பக்கத்திலேயே சேர்த்து எழுதணும். அவ்வளவுதான் நான் சொல்வது.

இரவு டூட்டி:
செல்வம் அண்ணா சொன்னதைக் கேட்டு ஃபார்மின் ஓரத்தில் பேனாவால் 'ஆக்சிஜன்: ___' என்று எழுதி நூறு பிரதி எடுத்து வைத்தேன். இன்று மயக்கம் கொடுத்து வந்த முதல் கேஸிலேயே அதைக் காலியாக விட்டிருந்தார்கள்.

மயக்கமருந்து மணி:
அது எங்கள் ஜூனியராகத்தான் இருக்கும். போன் போட்டு எழுத வையுங்கள்.