சோசலிசம், கம்யூனிசம்: ‘பகிர்நெறி’ என்றொரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஐயா ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> சோசலிசத்துக்குச் சமவுடைமை, கம்யூனிசத்துக்குப் பொதுவுடைமை. இதோடு முடித்துக்கொள்ளலாமே?

ஐயா, பொதுவுடைமை வேரூன்றிய சொல், அதில் கை வைக்க வேண்டாம். சமவுடைமையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ‘சம’ என்றதும் எல்லாருக்கும் ஒரே அளவு என்று படிப்பவர் நினைத்துவிடுவார். மார்க்ஸ் 1875இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா திட்டத்தை விமர்சித்தபோது இந்த இடத்தில்தான் நின்றார். ஒரே உழைப்புக்கு ஒரே பங்கு கொடுத்தாலும், பிள்ளைகுட்டிக்காரருக்கும் தனியாளுக்கும் அது சமமாகாது. பொதுவுடைமைச் சமூகத்தின் முதற்கட்டத்தில் உழைப்புக்கேற்ற பங்கு, வளர்ந்த கட்டத்தில் தேவைக்கேற்ற பங்கு என்றார். அந்த முதற்கட்டத்தைத்தான் பின்னால் சோசலிசம் என்றார்கள். 1936ஆம் ஆண்டின் சோவியத் அரசமைப்புச் சட்டமும் உழைப்புக்கேற்ற பங்கையே சோசலிசக் கொள்கையாக எழுதிவைத்தது.

ஆக, இரண்டையும் பிரிப்பது பங்கு. நாம் வைத்த இரண்டு சொல்லிலுமோ உடைமைதான் இருக்கிறது!

நம் சிங்கப்பூரையே பாருங்கள். 1961இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அவர்களை அடுக்குமாடி வாடகை வீடுகளில் குடியேற்றியது. வாடகை உண்டுதான், ஆனால் வீடில்லை என்பதே அங்கே அளவுகோல். 1964இல் வீடுகளை விற்கத் தொடங்கினார்கள், 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டே வாங்கலாம் என்றானது. சேமநிதி சம்பளத்திலிருந்து சேரும் பணம், அதனால் சம்பளத்தைப் பொறுத்தது. அப்போது அளவுகோல் உழைப்பின் பக்கம் நகர்ந்துவிட்டது. நிலம் மட்டும் அன்றும் அரசுடையது, 99 ஆண்டுக் குத்தகையில் இன்றும் அரசுடையது. உடைமையை மட்டும் பேசும் சொல்லால் இந்த மாற்றத்தைச் சொல்லவே முடியாது.

அதனால், எந்த அளவுகோலில் பங்கிடுகிறோம் என்பதற்குப் ‘பகிர்நெறி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதற்குள் உழைப்புவழிப் பகிர்வு, தேவைவழிப் பகிர்வு. சோசலிசத்துக்குச் சமூகவுடைமை போதும். சோசலிசத்துக்கு வழங்கிய சமதர்மம் 1930களின் சுயமரியாதை இயக்கத்தோடு சேர்ந்த சொல், வரலாற்றுப் பெயராகவே இருக்கட்டும்.

பங்கிடுவதைக் குறிக்க ‘பாத்தீடு’ என்று குழுவில் அக்கா ஒருவர் சொன்னது அழகான பழஞ்சொல். ஆனால் ‘பாத்து’ என்றாலே இன்று ‘பார்த்து’ என்றுதான் காதில் விழும்.

‘தேவைவழி’யா ‘தேவைக்கேற்ற’வா என்பதில் எனக்கே இன்னும் தயக்கம். முன்னது பெயர்ச்சொல்லோடு ஒட்டுகிறது, பின்னது உடனே புரிகிறது. வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்து, அவர்கள் வாயில் எது தங்குகிறது என்று எழுதுங்கள்.